மேல்வரிசைப் பல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பரமசிவ முதலியார் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். பரமசிவ முதலியார், வலது கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிப்போய், கயிற்றுக் கட்டிலில். அவர் சம்சாரம் காமாட்சியம்மாள், உப்பு ஒத்தடத் துணியோடு தலைமாட்டில். ஒரே மகன் உமாபதி, அம்பத்தூரில் சைக்கிள் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவன், முந்தின நாள் சாயங்காலம் வந்தவன், தூணில் சாய்ந்தபடி. அவன் பெண்சாதி வடிவு, சமையலறை நிலைப்படியில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. எதிர்வீட்டுச் சபாபதி, பங்காளி, யாரும் கூப்பிடாமலே வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவர். வேறு யாரும் இல்லை. தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. அவர்கள் இருக்கவில்லை.

“இன்னாண்ணே, வியாழக்கெழமைலேர்ந்து தறி சத்தமே காணோம்?” என்றார் சபாபதி. அவர் பார்வை கட்டிலில் இல்லை, தறி கிடந்த உள்கூடத்துக் கதவில் இருந்தது.

“பல்லு,” என்றார் பரமசிவம்.

“பல்லு வலிச்சா கை இன்னா பண்ணிச்சு? ஒங்கப்பா, எங்க பெரியப்பா, அம்மை போட்டுக்கினே நெய்ஞ்சவராச்சே.”

“அவுரு நெய்ஞ்சாரு. அந்த நேரத்துல ஒங்கப்பா நாடகக் கொட்டாய்ல இருந்தாரு.”

சபாபதி தொடையில் தட்டிச் சிரித்தார். “வாய் வீங்கினாலும் குத்தறது கொறையல. அது கெடக்கட்டும். உத்திரத்துக்கு மூணு வாரங்கூட இல்ல. சாமிப்பட்டு எவ்ளோ ஆயிருக்குது?”

“ஆவும்.”

“ஆவும்னா? முந்தானை வந்துடுச்சா, ஒடம்புலயே நிக்குதா? முடியலன்னா சொல்லுண்ணே. நம்ம ஊட்லயும் தறி இருக்குது. நான் யாரு, ரோட்ல போறவனா?”

இதுதான் விஷயம் என்று பரமசிவம் நினைத்துக்கொண்டார். இதற்குத்தான் இவன் வந்திருக்கிறான்.

“சபாபதி, காப்பி குடிக்கிறியாப்பா?” என்றாள் காமாட்சியம்மாள்.

“குடுத்தா குடிக்கிறேன் அண்ணி.”

“கேட்டேன், அவ்ளோதான். பால்காரன் இன்னும் வரல.”

சபாபதி போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பரமசிவம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். முக்காலி அவருக்கு முக்காலியாகத் தெரியவில்லை. தரையில் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருக்கோடி முருகனுக்குப் பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தில் சார்த்துகிற பட்டு பரமசிவம் வீட்டுப் பட்டு. வீட்டுத் தலைவன் தன் கையால் நெய்யவேண்டும். நெய்து கொண்டுபோய் வைத்தால் சாமி மேலிருந்து எடுத்த துணியை அவன் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். தாத்தா தலையிலும் அப்பா தலையிலும் கட்டினது இப்போது பரமசிவம் தலையில். நெய்ய ஆளில்லாமல் போனால் அந்த மரியாதை அடுத்த பங்காளிக்குப் போகும். அடுத்த பங்காளி சபாபதி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில், அரக்கு நூலையும் சிவப்பு நூலையும் ஒன்றென்று நினைத்து சேலையில் ஒரு முழம் நெய்துவிட்டார் பரமசிவம். கூலிக்கு நூல் கொடுக்கும் முதலாளி பார்ப்பதற்கு முன் வடிவு அதைப் பார்த்துவிட்டாள். நெய்ததைப் பிரித்தாள். பிரித்துவிட்டுத் தறிக்குழியில் தானே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். உட்கார் என்று மாமனார் சொல்லவில்லை. எழுந்திரு என்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் பெண்கள் நூல் இழைப்பார்கள், குறுக்கு நூலுக்குத் தார் சுற்றுவார்கள், நெடுக்கு இழையான பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். குழியில் இறங்குவது ஆண் வேலை. ஆண் அம்பத்தூருக்குப் போய்விட்டான்.

அந்தத் தெருவில் ஒவ்வொருவன் தறியும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போடும். பரமசிவம் தறி இரண்டு அடி அடித்து ஒரு மூச்சு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தாலும் அது அவர் தறி என்று சொல்லிவிடலாம். வடிவு அந்த இரண்டு அடியையும் அந்த நிறுத்தத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் அவள் குழியிலிருந்து ஏறிவிடுவாள், மாமனார் இறங்கிவிடுவார். போன இரண்டு உத்திரத்துக்கும் சாமிப்பட்டு இப்படித்தான் நெய்யப்பட்டது. பரிவட்டம் பரமசிவம் தலையில் ஏறியது. கோயிலிலிருந்து வந்ததும் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தார். விரதம் என்று காமாட்சியம்மாள் எல்லோரிடமும் சொன்னாள்.

இப்போது சங்கடம் பல்லால் வந்தது. அவர் கட்டிலில் கிடப்பதை ஊர் பார்த்துவிட்டது. ஆகவே தறி சத்தம் போடக்கூடாது.

“மாமா, கதவ சாத்திக்கினு மெதுவா அடிக்கட்டுமா?” என்றாள் வடிவு, முந்தானைக்குள்ளிருந்து.

“மெதுவா அடிச்சா நெசவு தளரும். சாமி ஒடம்புல தளர்ந்த துணியா?”

“அப்ப இன்னா பண்றது மாமா? நாள் போய்க்கினே இருக்குது.”

“நான் எழுந்து உக்காரணும். பல்லு அடங்கணும்.”

பல் அடங்கவில்லை. கிராம்பு எண்ணெய் வைத்தார்கள். புகையிலையை அடக்கினார்கள். கொய்யா இலையை வேகவைத்துக் கொப்பளித்தார்கள். ராஜவீதிப் பல் டாக்டர் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டுக் காமாட்சியம்மாள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மூன்று நாளாக அவருக்குக் கரைத்த ரசம் சாதம்தான். அதுவும் இடது பக்கமாக ஊற்றிக்கொள்ளவேண்டும். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது.

உமாபதி தூணைவிட்டு நகர்ந்து வந்தான். “நைனா, நான் சொல்றத கேளு. எங்க கம்பெனில ஈ.எஸ்.ஐ. இருக்குது. கார்டு இருந்தா டாக்டர், மருந்து, ஊசி, பல்லு புடுங்கறது எதுக்கும் காசு இல்ல. எனக்கு மட்டும் இல்ல, குடும்பத்துக்கும்.”

“எவன் சும்மா குடுப்பான்?”

“சும்மா இல்ல நைனா. எஞ்சம்பளத்துல கொஞ்சம் புடிச்சிக்கறாங்க. கம்பெனிக்காரன் அதுக்கு மேல போடறான். அந்தப் பணத்துலதான் ஆஸ்பத்திரி நடக்குது.”

“நீ சீக்குன்னு ஒரு நாளாவது போனியா?”

“இல்ல.”

“அப்ப புடிச்சதத் திருப்பிக் குடுப்பானா?”

“எப்படிக் குடுப்பான்? அது சீக்கு வந்தவனுக்குப் போவும். நாளைக்கு எனக்கு வந்தா மத்தவன் காசு எனக்கு வரும்.”

பரமசிவம் சுவர் பக்கம் திரும்பினார். “அப்ப அது எவனோ கட்டின காசு. தர்மத்துல பல்லு புடுங்கிக்கிற நெலம நம்ம ஊட்டுக்கு வரல.”

காமாட்சியம்மாள் ஒத்தடத் துணியைக் கிண்ணத்தில் வைத்தாள். “தோ பாருங்க. சேலைக்கு இவ்ளோன்னு கோயில் மகமை புடிக்கிறாங்களே, அது எவன் காசு?”

“நம்ம காசு.”

“உத்திரத்தன்னிக்குக் கோயில்ல சாப்பாடு போடறாங்க. நீங்கதான் மொத பந்தில மொத எலைல உக்காருறீங்க. அந்த சோத்துல ஒங்க மகமை மட்டுந்தான் வெந்துதா? எதிர்வீட்டான் மகமையும் சேர்ந்துதானே வெந்துது? அது தர்மச் சோறா?”

 பரமசிவம் வேறு வழியில் வந்தார்.

“மேல் பல்லு. மேல் பல்லப் புடுங்கினா கண்ணு நரம்பு போயிடும்.”

“யார் நைனா சொன்னாங்க?”

“வடக்கு ஊட்டு சாமிநாதனுக்குப் போவல?”

“அவுரு அதுக்கு முன்னாடியே கண்ணாடி போட்டுக்கினு செவுத்துல முட்டிக்கினு இருந்தவரு.”

வடிவு முந்தானைக்குள் சிரித்தது கேட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் வாயைத் திறந்து சிரிப்பாள். இப்போது எதற்கெடுத்தாலும் முந்தானை. தெருவில் அவளை ராங்கிக்காரி என்கிறார்கள்.

மீதிக் கண்ணும் போனால் என்ன என்று பரமசிவம் யோசித்தார். விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் காமாட்சியின் முகம் தெரிகிறது. கோயிலில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது நிழலாகத் தெரிகிறது. அதுவும் போனால் குழியில் இறங்கி உட்கார்வதுபோல் நடிக்கவும் முடியாது. ஆனால் படுத்தே கிடந்தாலும் தறி நிற்கிறது.

“உமாபதி. அந்தக் கார்டுல என்னிய இன்னான்னு எழுதி வெச்சிருக்கே?”

“அப்பான்னு.”

“அப்பான்னு மட்டுமா?”

“அவ்ளோதான் நைனா.”

உமாபதியின் கால் தரையில் கிடந்த நூல்துணுக்கை இப்படியும் அப்படியும் தள்ளியது. முகம் தெரியாதவருக்கு அசைவு தெரியும். பொய் சொல்கிறான் என்று பரமசிவம் முடிவு கட்டினார். வேலைக்குப் போன இடத்தில் இவன் என்னத்தையோ எழுதிக் கொடுத்திருக்கிறான். வீடா, தறியா, எதை?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் உமாபதியோடு அம்பத்தூருக்குப் புறப்பட்டார். பல்லுக்காகப் போவதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

காமாட்சியம்மாளுக்கு முழங்கால் ஆகாது. தூக்கில் கஞ்சியோடு வடிவு கூட வந்தாள். பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பையோடு சபாபதி நின்றுகொண்டிருந்தார்.

“பூந்தமல்லில ஒரு வேல இருக்குதுண்ணே. ஒரே பஸ்ஸா போச்சு.”

மாசி கடைசியின் காலைக் குளிர் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் வெயில் தகரத்தில் ஏறியது. பஸ் குலுங்கும்போதெல்லாம் பல் அவர் மண்டைக்குள் இறங்கியது. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சபாபதி வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார். ஒவ்வொரு கடலையும் உடைகிற சத்தம் பரமசிவத்துக்குக் கேட்டது.

“பூந்தமல்லி வந்துடுச்சு. எறங்கலியா?” என்றான் உமாபதி.

“அது சாயங்காலம் பாத்துக்கலாம். ஒன்ன இப்படி உட்டுட்டு எறங்க மனசு வரலண்ணே.”

மோப்பம் பிடிக்கிறான் என்று நினைத்தார் பரமசிவம். இறங்கு என்று சொல்ல வாய் வீங்கியிருந்தது.

அம்பத்தூர் டிஸ்பென்சரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். கையில் கட்டுப் போட்டவன், இருமுகிற கிழவி, வாந்தியெடுத்த குழந்தை. எல்லோர் கையிலும் கார்டு இருந்தது. ஒருவரும் கைகட்டி நிற்கவில்லை. “நேத்து குடுத்த மருந்து சரியில்ல, வேற மாத்துங்க,” என்று ஒரு பெண் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். பரமசிவத்துக்கு அது ஆச்சரியமாக இருந்தது. தர்மம் வாங்குகிறவள் இப்படிச் சத்தம் போட மாட்டாள்.

உமாபதி கார்டை நீட்டினான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படித்தார்.

“பரமசிவம். டிபெண்டென்ட் ஃபாதர்.”

“அப்படின்னா?” என்றார் பரமசிவம்.

“பையன் சம்பாத்தியத்துல இருக்கிற அப்பா. சொந்தத் தொழில், வருமானம் எதுவும் இல்லாதவர்.”

இதுதான் எழுதினதா?  மகன் பக்கம் திரும்பினார். மகன் வெள்ளைச் சட்டையாக மட்டும் தெரிந்தான்.

அவர் வாய் திறப்பதற்கு முன் சபாபதி திறந்துவிட்டார். “யாரப் பாத்து இன்னா சொல்றே நீ? தொழில் இல்லாதவரா? இன்னிக்கும் தறியில எறங்கினார்னா பிள்ளையார்பாளையத்துல இவுரு அடிக்கு எதிர் அடி கெடையாது. சாமிக்கே பட்டு நெய்யற கை. பையன் சோத்துல கெடக்கற ஆளா இவுரு?”

ஜன்னலுக்குப் பின்னால் பேனா கீழே வைக்கப்பட்டது.

“என்னய்யா இது?” குமாஸ்தா உமாபதியைப் பார்த்தார். “அப்பாவுக்கு வருமானம் இல்லைன்னு நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே? இவர் தறி இருக்குன்றார். வருமானம் இருக்கிறவரை டிபெண்டென்டுன்னு சேர்க்க முடியாது. தெரிஞ்சே பொய் எழுதினது நிஜம்னா கம்பெனிக்குத் தெரிவிக்கணும். அப்புறம் உன் வேலை உன் கையில இல்ல.”

உமாபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

பரமசிவம் காத்திருந்தார். என் அப்பாவுக்குக் கண் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வேலை பிழைக்கும், பொய்யன் என்ற பெயர் போகும். சபாபதி பக்கத்தில் நிற்கிறான். அதனால் அவன் சொல்லவில்லை. பெஞ்சில் குழந்தை அழுதது. வரிசையில் பின்னால் இருந்தவன், “சீக்கிரம் பாருங்க சார்,” என்றான். அப்போதும் உமாபதி சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை அப்படியே நின்றது.

நேற்றிலிருந்து அவனைச் சந்தேகப்பட்டதெல்லாம் பரமசிவத்துக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கார்டில் இருந்தது ஒன்றுதான் தன் வீட்டைப் பற்றி நிஜமாக எழுதப்பட்ட வார்த்தை.

“எழுதினது சரிங்க,” என்றார். வீங்கின வாயிலிருந்து வார்த்தைகள் கனமாக விழுந்தன. “எங்க ஊட்டுப் புள்ள பொய் எழுத மாட்டான். நான் நெய்யறதில்ல. ரெண்டு வருசமா கண்ணு தெரியல.”

“அண்ணே!” சபாபதி அவர் தோளைப் பிடித்தார். “காய்ச்சல்ல பேசறே. சார், இவுருக்குக் காய்ச்சல்.”

“காய்ச்சல் இருக்குது. பேசறது நான்தான்.”

“அப்ப தெனம் கேக்குதே அந்த அடி? ரெண்டு அடி, ஒரு நிறுத்தம். எங்க ஊட்டுக் கூடத்துல ஒக்காந்துக்கினு கேக்கறேனே!”

“அது வடிவு.”

“பொம்பள கை அந்த அடி அடிக்காது. பையன் வேலைக்காவ பொய் சொல்றே.”

பட்டு நெய்யும்போது பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மேல்வரிசை முன்பல்லில் வைத்துக் கடித்துத் துண்டிப்பார்கள். ஒரு கையில் இழை, ஒரு கையில் முடிச்சு, கத்தரி எடுக்க மூன்றாவது கை கிடையாது. சாமிப்பட்டு நெய்கிற நாளில் மட்டும் எச்சில் படாமல் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கத்தரி வைத்துக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் பல்தான். நாளாக நாளாக முன்பல்லின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெட்டு விழும். நெய்கிறவன் எவன் வாயிலும் அது இருக்கும். நெய்யாதவர் வாயில் இருக்காது.

“வடிவு,” என்றார் பரமசிவம். “முந்தானைய எடும்மா.”

அவள் அசையவில்லை. “வேணாம் மாமா.”

“எடு. வாயத் தொறந்து சபாபதி மாமாக்குக் காட்டு.”

வடிவு முந்தானையை இறக்கினாள். உதட்டை விலக்கினாள். சபாபதி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை. நிமிர்ந்தவர் தன் நாக்கால் தன் முன்பல்லைத் தடவிக்கொண்டார்.

குமாஸ்தாவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. அவர் டாக்டரைக் கூப்பிட்டார். வயது குறைந்த டாக்டர். டார்ச்சை எடுத்துப் பரமசிவத்தின் கண்ணில் அடித்தார்.

“ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு. இவர் எப்படிப்பா நூலைப் பார்த்து நெய்வார்? கார்டு சரியாத்தான் இருக்கு. ஏன் பெரியவரே, இத்தனை நாளா கண்ணைக் காட்டவே இல்லையா? இதே கார்டுல கண் ஆபரேஷனும் பண்ணிக்கலாமே.”

“எனக்கு இந்தக் கார்டு இருக்கறது நேத்துதான் தெரியுங்க.”

“பையன் சொல்லலையா?”

“சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேன்,” என்றார் பரமசிவம்.

பல்லுக்கடியில் சீழ் வைத்திருக்கிறது, உடனே பிடுங்க முடியாது என்றார் டாக்டர். ஊசி போட்டு மாத்திரை கொடுத்து, சீழ் அடங்கிய பிறகு வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போகச் சீட்டு எழுதித் தந்தார். அதுவரை பஸ்ஸில் அலையாமல் மகனோடு அம்பத்தூரிலேயே தங்கச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் வடிவு தூக்கைத் திறந்து கஞ்சி ஊற்றினாள். முந்தானை தோளில் இருந்தது. வாயை மூடவேண்டியது அவளுக்கு மறந்துபோயிருந்தது. சபாபதி பையைக் கை மாற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு அருகே வந்தார்.

“அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். ஆஸ்பத்திரில மேல் பல்லப் புடுங்கினாங்க, அதுல கண்ணு போச்சுன்னு சொல்லிடலாம். ஊரு நம்பும். இந்த வருசப் பட்ட எங்க ஊட்ல முடிச்சு ஒம்பேருல வெக்கறேன். மரியாத பழுதாவாது.”

“பல்லு புடுங்கறவங்க மேலயா பழி?” என்றான் உமாபதி.

“அவங்களுக்கு இன்னாபா நஷ்டம்? நம்ம ஊர்ல வந்து கேக்கவா போறாங்க?”

பரமசிவம் கஞ்சியை இடது பக்கமாக ஊற்றி விழுங்கினார். தன் பரிவட்டத்தைப் பறிக்க வந்தவன் என்று நினைத்தவன், அதைக் காப்பாற்ற ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறான். இதில் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“வடிவு, நீ சாயங்கால பஸ்ல போயிடு. சபாபதி மாமா கூட போ. நாளைக்கு விடிஞ்சதும் தறியில எறங்கு.”

“நீங்க இங்க இருக்கீங்களே மாமா. நீங்க இல்லாம சத்தம் கேக்குமே.”

“கேக்கட்டும்.”

“தெருவே கேக்கும் மாமா.”

“அதான் சொல்றேன். கேக்கட்டும். தளர அடிக்காத.”

வெள்ளிக்கிழமை பல் போயிற்று. ஒரு பெண் டாக்டர் ஈறில் ஊசி போட்டுவிட்டு, தன் சொந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் என்று நர்ஸிடம் பேசிக்கொண்டே பிடுங்கினார். தட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் முடிந்தது என்று பரமசிவத்துக்குத் தெரிந்தது. கண்ணை இறுக மூடியிருந்தவர் மெள்ளத் திறந்தார். ஜன்னல் வெளிச்சம் முன்பிருந்த மாதிரியே இருந்தது. உமாபதியின் வெள்ளைச் சட்டை முன்பிருந்த மாதிரியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“இன்னா நைனா, தெரியுதா?”

“முன்ன தெரிஞ்ச அளவுக்குத் தெரியுது. கூப்பாடு போடாத.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குள் நடந்து வந்தார். தெரு முனையிலேயே அது கேட்டது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். வெயிலில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். பரமசிவ முதலியார் தெருவில் நடந்து வருகிறார். பரமசிவ முதலியார் தறி அவர் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.  அவர் நடையைக் கூட்டவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போகிற அதே நடையில் வீடு வரைக்கும் நடந்தார்.

எதிர்வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியில் சபாபதி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாண்ணே, பல்லு போச்சா?”

“போச்சு. உள்ள யாரு நெய்யறது?”

சபாபதி பேப்பரை மடித்தார். “எம் பொண்டாட்டி தில்லைதான். நாலு வருசமா முந்தானைச் சரிகைப் பேட்டெல்லாம் அவ கைதாண்ணே. கதவ சாத்திக்கினு நெய்வா. இன்னிக்குப் புழுக்கமா இருக்குதுன்னு தொறந்து வெச்சிட்டா.”

உத்திரத்துக்கு முந்தின நாள் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். யாரும் கேட்பதற்கு முன் பரமசிவம் எழுந்தார். இந்த வருடப் பட்டையும் போன இரண்டு வருடத்துப் பட்டையும் நெய்தது தன் மருமகள் என்றும், கட்டின பரிவட்டம் தனக்குச் சேராது என்றும் சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்து வந்த இரண்டு பரிவட்டத் துணிகளையும் தட்டில் வைத்தார்.

“சாமி குத்தமாயிடாதா?” என்றார் ஒருவர்.

“ரெண்டு வருசம் அத உடுத்திக்கினு நின்னது சாமிதான். எனக்குத்தான் கண்ணு தெரியாது. அவுருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”

அடுத்த பங்காளி வரட்டும் என்றார்கள். சபாபதி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கு வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “வேணாம்னா வேணாம். உடுங்கபா,” என்றார். மண்டபத்தில் பலர் அதற்கப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் பரிவட்டத்தைச் சாமி கையிலிருந்த வேலுக்கே கட்டினார்கள். பட்டுத் தட்டை வடிவு தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். சாமி அதை உடுத்திக்கொண்டார்.

பந்தியில் முதல் இலையில் பரமசிவம் உட்காரவில்லை. உமாபதிக்குப் பக்கத்தில், நடுவில் எங்கோ உட்கார்ந்து, இடது பக்கமாக மென்று சாப்பிட்டார். வைகாசியில் அதே கார்டைக் கொண்டுபோய்க் கண்ணையும் காட்டினார். நாள் கடந்துவிட்டதென்று சொல்லி, ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்தார்கள். ஆள் முகம் தெரிகிற அளவுக்குப் பார்வை வந்தது. இழை தெரிகிற அளவுக்கு வரவில்லை.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கியதால் பரமசிவ முதலியாருக்குக் கண் போயிற்று, அதனால்தான் அவர் சாமிப்பட்டு நெய்வதை விட்டார் என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது சரியல்ல. கண் போனது பல்லுக்கு இரண்டு வருடம் முன்னால். பட்டு நெய்தது வடிவு.